குறட்டை விடும் கர்ப்பிணியைக் கேலி செய்யாதீர்கள்!

"என்னடி மீனா, ராத்திரி பூரா கூட்ஸ் வண்டி ஓட்டினாயா?"

போன வருஷம் ஒரு நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே நான் கேட்ட கேள்வி இது. மீனா என் ஓரகத்தி. (உண்மைப் பெயர் வேண்டாமே!) கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாசம். நான் கேட்டதும் என் மாமியார் சிரித்தார். மச்சினர் சிரித்தார். மீனாவும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் ஒரு நொடி சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு எத்தனை பெரிய விஷயத்தை மூடி மறைத்துவிட்டது என்று நினைத்தால் இப்போதும் என் மனசு ஆறவில்லை. வேறு எந்த வீட்டிலும் இப்படி நடக்கக்கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். டாக்டரம்மா சொல்லிக் கேட்டதையும், கண்ணால் கண்டதையும், பிறகு ஆர்வத்தில் தேடித் தெரிந்துகொண்டதையும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஹாலுக்கு வந்த பாய்

அதற்கடுத்த இரண்டாம் நாள் மீனா பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். "அறையில் ஒரே புழுக்கமா இருக்குக்கா" என்றாள். நாங்களும் நம்பினோம். புருஷன் காதில் தன் குறட்டை விழக்கூடாது என்ற வெட்கம்தான் காரணம் என்று யாருக்குத் தோன்றியது?

பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்துவிடுவாள். கீரை ஆய்ந்துகொண்டே தூங்கி வழிவாள். காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி. "மசக்கைச் சோர்வு இன்னும் விடவில்லை" என்று மாமியார் சொல்வார். "கர்ப்பிணி என்றால் அப்படித்தான்" என்று நானும் ஒத்து ஊதுவேன்.

மூன்றாம் மாசம் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை. 26-வது வாரம் மறுபடியும் செய்தபோது 168 என்று வந்துவிட்டது. கர்ப்ப கால சர்க்கரை வியாதி!

வீட்டில் பேச்சு கிளம்பியது. "வளைகாப்புக்கு வந்த பட்சணத்தையெல்லாம் ராத்திரி ஹாலில் உட்கார்ந்து தின்றிருப்பாள்" என்று ஒருவர். "அவள் அம்மா வீட்டு வாகு" என்று இன்னொருவர். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. டாக்டரம்மா சொன்ன ஆகாரத்தை அளந்து சாப்பிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தாள். இரண்டு வாரத்தில் சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை இறங்கி வந்தது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் மட்டும் 106, 110, 108!

ராத்திரியில் ஒன்றும் தின்னாமல் காலையில் எப்படி ஏறும்? சந்தேகம் மறுபடியும் பட்சண டப்பா மேல்தான் விழுந்தது. இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள்.

நான் கண்ட அந்த ராத்திரி

ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஹாலில் மீனா மல்லாந்து படுத்திருந்தாள். பெரிய குறட்டை. திடீரென்று அது நின்றுபோனது. 'அப்பாடா, ஓய்ந்தது' என்று நினைத்தேன். ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை! வயிறும் மார்பும் மட்டும் எதையோ தள்ளுவது போல ஏறி இறங்குகின்றன. மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... பதினெட்டு வரை எண்ணிவிட்டேன். 'ஹக்' என்று திணறி, தலையைத் தூக்கிப் பெருமூச்சு வாங்கினாள். கண் திறக்கவே இல்லை. மறுபடி குறட்டை. சில நிமிஷத்தில் மறுபடி அதே மௌனம்.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். விடியும் வரை அங்கேயே இருந்தேன். காலையில் கேட்டேன், "ராத்திரி எப்படிடி தூங்கினே?"

"நல்லாத்தான் தூங்கினேன் அக்கா. என்னமோ களைப்பு மட்டும் போகலே" என்றாள். அவளுக்கே தெரியவில்லை! எப்படித் தெரியும்? தூங்குகிறவர் தன் குறட்டையைக் கேட்க முடியுமா?

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். சொல்லவில்லை, கேலி அல்லவா செய்தோம்!

கர்ப்பத்தில் குறட்டை ஏன் வருகிறது?

கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் போன்ற ஹார்மோன்களால் மூக்கின் உள்சவ்வு வீங்கிக்கொள்கிறது. சளி பிடிக்காமலே மூக்கு அடைக்கும். தொண்டையிலும் சதை சற்று உப்பும். எடை கூடும். போதாக்குறைக்கு, வளரும் வயிறு கீழிருந்து நுரையீரலை மேலே தள்ளுகிறது. ஆகவே மூச்சுக்குக் கையிருப்பு குறைவு. தூக்கத்தில் தொண்டைச் சதை தளரும்போது குறுகின வழியில் காற்று போவதால் உண்டாகிற சத்தம்தான் குறட்டை.

கடைசி மாசங்களில் குறட்டை வருவது சகஜம். குறட்டை விடுகிற எல்லோருக்கும் வியாதி என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் வழி அடியோடு மூடிக்கொண்டு, 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்று நின்று வந்தால் அதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். தூக்கத்தில் மூச்சுத் தடை என்று சொல்லலாம். மணிக்கு 5 தடவைக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை என்று கணக்கு.

மூச்சுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

நானும் இதையேதான் கேட்டேன். டாக்டரம்மா அழகாகச் சொன்னார்.

"மூச்சு நிற்கும்போது ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடம்பு 'ஆபத்து' என்று எண்ணி மூளையை உசுப்புகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. திருடன் வந்தால் ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே, அந்த மாதிரி கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. இன்சுலினும் சரியாக வேலை செய்ய முடிவதில்லை. ராத்திரி பூரா ஐம்பது, நூறு தடவை திருடன் வந்தால் காலையில் சர்க்கரை எப்படி இருக்கும்?"

ஏற்கெனவே கர்ப்பத்தில், நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குச் சத்து தாராளமாகப் போகவேண்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. அநேகப் பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. அதன் மேல் மூச்சுத் தடையும் சேர்ந்தால் பளு இரட்டிப்பு.

அமெரிக்காவில் முதல் குழந்தையைச் சுமந்த 3,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை செய்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்ப மாசங்களில் 100-க்கு 4 பேருக்கும், நடு மாசங்களில் 100-க்கு 8 பேருக்கும் மூச்சுத் தடை இருந்தது. அப்படி இருந்தவர்களுக்குக் கர்ப்ப கால சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. வயது, எடை போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இப்படி! ரத்தக் கொதிப்பும் அவர்களுக்கு அதிகம் வந்திருக்கிறது. இரண்டும் கைகோத்து வருகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மூச்சுத் தடைதான் சர்க்கரைக்குக் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்றார் டாக்டரம்மா. எடை, வயது, பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது

கர்ப்பிணிக்குத் தன் தூக்கம் தெரியாது. ஆகவே இது புருஷன், மாமியார், அம்மா, ஓரகத்தி எல்லோருடைய பொறுப்பு. கவனியுங்கள்:

* வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குறட்டை.
* குறட்டை திடீரென்று நின்று, பிறகு திணறலோடு மூச்சு வருவது.
* காலையில் தலைவலி, வாய் வறட்சி.
* எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிவது. (ரத்த சோகையாலும் இந்தச் சோர்வு வரும். அதையும் சேர்த்துப் பரிசோதியுங்கள்.)
* கர்ப்பத்துக்கு முன்பே அதிக எடை, அல்லது ரத்தக் கொதிப்பு.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கைபேசியில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டு போனால் இன்னும் நல்லது. கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் துடிப்பு குறைவது இவை தெரிந்தால் அடுத்த தடவை என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மீனாவுக்கு வீட்டிலேயே பரிசோதனை நடந்தது. விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. அவ்வளவுதான். வலி கிடையாது. மணிக்கு 17 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரியும். கர்ப்பப்பையின் பாரம் முதுகுப் பக்கமுள்ள பெரிய ரத்தக் குழாயையும் அழுத்தும். 28 வாரத்துக்குப் பிறகு கட்டாயம் ஒருக்களித்தே படுக்க வேண்டும். இடமோ வலமோ, எந்தப் பக்கமானாலும் சரி. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பயம் வேண்டாம். விழித்ததும் திரும்பிப் படுத்தால் போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே பழைய புடவையை மடித்து வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்.

தலைமாட்டைச் சற்று உயர்த்துங்கள். கழுத்து மட்டும் மடங்காமல், தோளிலிருந்தே உயர வேண்டும்.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு போதும். மற்றச் சொட்டு மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. படுக்கும் அறையில் கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகத் தொடவே தொடாதீர்கள்.

இவை போதாதபோதுதான் மிஷின். 'சிபாப்' என்கிறார்கள். மூக்கில் பொருத்திய மூடி வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் இதை உலகுக்குச் சொன்னார். ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தாராம்! மருந்தில்லை, வெறும் காற்றுதான். ஆகவே கர்ப்பிணிகளும் டாக்டர் சொன்னபடி உபயோகிக்கலாம். மீனா அதை மாட்டிக்கொண்ட முதல் நாள், "கண்ணாடியில் பார்த்தா யானை மாதிரி இருக்கேன் அக்கா" என்று அழுதாள். நாலாம் நாள் காலையில், "அக்கா, தலைவலி இல்லே" என்றாள். அன்று கீரை ஆயும்போது தூங்கவில்லை.

சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

நம் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே அரசு உத்தரவு போட்டது. இதற்குப் பாடுபட்ட சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐக் கர்ப்ப கால சர்க்கரை விழிப்புணர்வு தினமாக நம் நாட்டில் கொண்டாடுகிறார்கள்.

பரிசோதனை மிகவும் சுலபம். வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம்கூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப கால சர்க்கரை. முதன்முதலில் டாக்டரைப் பார்க்கும்போது ஒரு தடவை, அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. 'முதலில்தான் பார்த்தாச்சே' என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மீனாவுக்கு இரண்டாவதில்தான் தெரிந்தது.

வந்துவிட்டால் காலையில் வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டினி கூடாது. மூன்று வேளையைச் சிறிய ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். நான்கு இட்லியை ஒரே மூச்சில் சாப்பிடாமல் இரண்டு இட்லியும் நிறைய சாம்பாரும். பதினொரு மணிக்குச் சுண்டல் அல்லது மோர். சாதத்தைக் குறைத்துக் காய், கீரை, பருப்பு, முட்டையைக் கூட்டுங்கள். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக நடக்கலாம்.

இரண்டு வாரத்தில் கட்டுப்படாவிட்டால் மருந்தோ ஊசியோ கொடுப்பார்கள். 'ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது' என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. போடும் இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது தாயின் சர்க்கரைதான்! அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிக இன்சுலின் சுரக்கும். குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும். பிரசவம் கஷ்டமாகும். பிறந்த பிறகு தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட, குழந்தைக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். அதனால்தான் பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

மிஷினும் ஊசியும் சேர்ந்து பத்து நாளில் மீனாவின் காலைச் சர்க்கரை 95-க்குள் வந்தது. "மிஷினாலா, ஊசியாலா?" என்று கேட்டேன். "இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். மூச்சு சரியாகிவிட்டது என்று ஊசியையும் ஆகாரத்தையும் விட்டுவிடாதீர்கள்" என்றார் டாக்டரம்மா.

39-வது வாரத்தில் சுகப்பிரசவம். மூன்று கிலோ நூறு கிராமில் பெண் குழந்தை! பிரசவமாகி ஆறாவது வாரம் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது. குறட்டையும் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வருஷா வருஷம் பார்க்க வேண்டும். எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறட்டை திரும்பினால் மறுபடி தூக்கப் பரிசோதனை.

என் கதையும் கொஞ்சம்...

டாக்டரம்மா இதையெல்லாம் மீனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. 2005-ல் என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நாலு கிலோ நூறு கிராம். "கொழுக்கட்டை மாதிரி பிள்ளை" என்று தெருவே வந்து பார்த்தது. நானும் பெருமைப்பட்டேன். அப்போது எனக்கு யாரும் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கவில்லை. கடைசி மாசங்களில் நானும் குறட்டை விட்டதாக இவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். என் 39-வது வயதில் சர்க்கரை வியாதி வந்தபோது 'தலையெழுத்து' என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு இருந்ததா என்று இனிமேல் பரிசோதித்துப் பார்க்க முடியாது. போனது போகட்டும். ஆனால் மீனாவின் சர்க்கரைக்கு அவள் தின்னாத பட்சணத்தைக் காரணம் காட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. புண்ணியாஜனம் முடிந்த மறுநாள் அவளிடம் மனம் விட்டுச் சொன்னேன், "தப்பாப் பேசிட்டேன்டி, மனசுல வெச்சுக்காதே" என்று. அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "நீங்க அன்னிக்கு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திருக்காம இருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?" என்றாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிறாளா? இன்றைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் அவள் தூக்கத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டை கேட்டால் சிரிக்காதீர்கள். அது நின்று நின்று வருகிறதா என்று எண்ணுங்கள். எண்ணியதை டாக்டரிடம் சொல்லுங்கள். இளம் தாய்மார்களே, நீங்களும் வெட்கப்பட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் மூச்சைக் கேட்க யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்!